இருபத்திரண்டு கருவேல மரங்களும் ஒரு துண்டும்

பெண்டாட்டியை ஒரு நாள் சந்தோஷப்படுத்திவிடுவது என்று கோதண்டராமன் முடிவெடுத்தார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் இப்படியொரு முடிவை அவர் எடுத்ததே இல்லை. அதனாலோ என்னவோ, எடுத்த அன்றைக்கே மண்டை விண்விண்ணென்று தெறித்தது.

செஞ்சி வெள்ளிக்கிழமைச் சந்தையில் கோதண்டராமனைத் தெரியாத மாடு கிடையாது. மனுஷர்களுக்கு அவர் 'துண்டு' கோதண்டம். மாட்டுத் தரகு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். விற்கிறவன் கையும் வாங்குகிறவன் கையும் சேர்ந்தாற்போல் ஒரு துண்டைப் போர்த்தி, உள்ளே விரல் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். ஒரு விரலைப் பிடித்தால் பத்தாயிரம். முழுக் கையையும் பிடித்தால் ஐம்பதாயிரம். வெளியே வாய் மாட்டுப் பல்லைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கும். உள்ளே விரல்கள் ஒன்றையொன்று கழுத்தை நெரித்துக்கொண்டிருக்கும். முடிந்ததும் துண்டை உருவிவிடுவார்கள். உருவின துண்டுக்கு அப்பீல் கிடையாது. பேச்சு மாறினவன் அப்புறம் அந்தச் சந்தையில் கோழிக்குஞ்சுகூட விற்க முடியாது. போன தை மாசம் ஒருவன் துண்டை உருவின பிறகு ரெண்டாயிரம் குறைக்கச் சொன்னான். கோதண்டராமன் அவனைச் சந்தை வாசலிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் திட்டிக்கொண்டே கூடப் போனார். அவன் எந்த ஊர் பஸ் என்றுகூடப் பார்க்காமல் ஏறிக்கொண்டான்.

நாலாங் கிளாஸோடு பள்ளிக்கூடம் அவரை விட்டுவிட்டது. மீதியைச் சந்தை சொல்லிக்கொடுத்தது, செருப்பாலும் சாட்டையாலும். அப்படிக் கற்றதில் அவருக்கு ஒரு வித்தை கைவந்திருந்தது. அதைச் சொல்லிக் காட்டாத நாள் இல்லை.

"கையத் தொட்டா போதும்டா. இவன் வல்லத்துக்காரனா பனமலைக்காரனா, நெல்லு வெச்சவனா மல்லாட்டை வெச்சவனா, வூட்ல பொண்ணு கல்யாணத்துக்கு நிக்குதா, எல்லாம் சொல்லிடுவேன். கண்ண வேணா கட்டிக்கோ."

ஒரு தடவை டீக்கடையில் நிஜமாகவே கண்ணைக் கட்டிப் பார்த்தார்கள். பதினோரு கைகள். பதினொன்றுக்கும் ஆள் பேரைச் சொன்னார். பன்னிரண்டாவதாக ஒருவன் காலை நீட்டினான். அதற்கும் பேரைச் சொல்லி ஓர் உதையும் கொடுத்தார்.

இதெல்லாம் சேர்ந்து அவருக்கென்று ஒரு சட்டம் உண்டாகியிருந்தது. துண்டுக்குள் கொடுத்தது வாக்கு. துண்டுக்கு வெளியே சொன்னது வெறும் சத்தம். வீட்டுக்குள் யாரும் துண்டு போர்த்திப் பேசுவதில்லையாதலால், வீட்டில் அவர் சொன்னதெல்லாம் சத்தக் கணக்கில் சேர்ந்தது.

அந்தச் சத்தங்களில் ஒன்று மரத்தைப் பற்றியது.

சங்கராபரணி ஆற்றில் அணைத் தண்ணீர் வந்து தேங்கி நிற்கும் இடத்தில் கோதண்டராமனுக்கு ஒரு காணி நிலம் இருந்தது. பேசிப் பேசியே முக்கால்வாசி விலையைக் கழித்து வாங்கிய நிலம். பயிர் விளையாது. கரையோரமாக இருபத்திரண்டு கருவேல மரங்கள் மட்டும் நின்றன. மரம் முழுக்கக் கூடு. நாரை, கொக்கு, நீர்க்காகம் என்று மாசிக்கும் வைகாசிக்கும் நடுவே அங்கே ஒரு தேர்த் திருவிழாக் கூட்டம். அடியில் நின்றால் மேலே வெள்ளையடித்துவிடும்.

அவருடைய மனைவி அமிர்தவல்லிக்கு அந்த மரங்கள் என்றால் உயிர். நாலு மாட்டைக் கறந்து, புல்லறுத்து, சொசைட்டிக்குப் பால் ஊற்றி, அவருடைய வாயையும் தாங்கிக்கொண்டு கிடந்தவள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு ஒரு வருஷம் பறவை எண்ணப் போனாள். போனவள் பாதிதான் திரும்பி வந்தாள் என்பது கோதண்டராமனின் கட்சி. சென்னையில் வேலை பார்க்கும் மகள் மோனிகா ஒரு பைனாகுலர் வாங்கி அனுப்பினாள். மோனிகாவின் பழைய கெமிஸ்ட்ரி நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் பறவைப் பேர்கள் ஏறின. புருஷன் பேரைச் சொல்லக் கூச்சப்படுகிறவள், நத்தைகுத்தி நாரை என்று வாய் நிறையச் சொன்னாள்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால், மினி லாரி நிறுத்த இடம் வேண்டுமென்று வீட்டு வாசலில் நின்ற புங்க மரத்தை அவர் வெட்டிச் சாய்த்தார். அதில் ஒரு தேன்சிட்டுக் கூடு இருந்தது. அமிர்தவல்லி அதை எடுத்து டிவி மேலே வைத்தாள். சத்தம் போடவில்லை, அழவில்லை. நாலு மாசம் அவரோடு பேசவில்லை, அவ்வளவுதான். சண்டை போடாத பெண்டாட்டியோடு எப்படிப் பேரம் பேசுவது? கடைசியில் ஒரு நாள் தோசை தின்றுகொண்டிருக்கும்போது அவரே சொன்னார், ஆத்தோர மரத்தைத் தொடமாட்டேன் என்று. அவள் இன்னொரு தோசை போட்டாள். தொட்டால் அன்றைக்கே மோனிகா வீட்டுக்குப் போய்விடுவேன், அப்புறம் மாட்டுக்கும் உங்களுக்கும் நீங்களே தண்ணி காட்டிக்கொள்ளுங்கள் என்று அமைதியாகச் சொல்லிவிட்டு, சட்டினியும் ஊற்றினாள்.

துண்டு போர்த்தாத பேச்சு. தோசையோடு ஜீரணமாகிவிட்டது.

விற்காமல் நிற்கிற பொருளைப் பார்த்தால் கோதண்டராமனுக்கு உடம்பு அரிக்கும். இருபத்திரண்டு மரமும் தன்னைப் பார்த்துச் சிரிப்பதாக அவருக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. சித்திரை பிறந்ததும் வல்லத்திலிருந்து வீரமணி என்கிற மர வியாபாரி வந்து கேட்டான். முப்பத்தைந்து வயசு. ஒன்பது வருஷம் பிள்ளை வரம் கேட்டு மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு அமாவாசை தவறாமல் நடந்ததில், அவன் பெண்டாட்டி இப்போது ஏழு மாசம். பிள்ளை பெறப் போகிறவனுக்குப் பணத்தைவிட மனசு பெரிசாக இருக்கும் என்று கோதண்டராமன் கணக்குப் போட்டு, விலையை ஏற்றி வைத்தார்.

மரத்தைக் கிட்டத்தில் பார்க்காமல் விலை சொல்ல மாட்டேன் என்றான் வீரமணி. அங்கேதான் சிக்கல். தரை வழி முழுக்கச் சீமைக்கருவேல முள். ஆடு போனால் தோல் மட்டும் திரும்பி வரும். தண்ணீர் வழியாகத்தான் போக வேண்டும். அந்தப் பக்கத்தில் படகு வைத்திருந்தவன் துரைக்கண்ணு ஒருத்தன்தான். பாண்டிச்சேரிப் பக்கம் டூரிஸ்டுகளை ஏற்றி ஓய்ந்துபோன ஒரு கனூவை வாங்கி வந்து மீன் பிடித்துக்கொண்டிருந்தான். மஞ்சள் நிறம், ரெண்டு பக்கமும் கூர், ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவராகத்தான் உட்கார முடியும். ஊரில் அதற்கு வாழைப்பழம் என்று பேர். முன்னொரு தரம் மீன் விலையில் கோதண்டராமனிடம் அகப்பட்டுக்கொண்ட துரைக்கண்ணு, அவரைப் படகில் ஏற்றுவதாக இருந்தால் நடு ஆற்றில் இறக்கிவிடத்தான் ஏற்றுவேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். ஆனால் அமிர்தவல்லி அக்கா கேட்டால் உயிரைக் கொடுப்பான். அவனுடைய பிள்ளைக்குக் காய்ச்சலில் ஒரு மாசம் பால் ஊற்றியவள்.

ஆகவே பெண்டாட்டியைச் சந்தோஷப்படுத்துவது என்று முடிவாயிற்று.

ஒரு நாள் உன்னைப் படகில் பறவை பார்க்கக் கூட்டிப் போகிறேன் என்று அவர் சொன்னபோது அமிர்தவல்லி சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். உடம்புக்கு என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை, எனக்கும் ஆசையாகத்தான் இருக்குது, கூட ஒரு பறவை ஆராய்ச்சிக்காரரும் வருகிறார் என்றார் அவர். அப்படியா, அப்போ துரைக்கண்ணுகிட்டச் சொல்லிடறேன் என்றாள் அவள். இவ்வளவு சுலபமாக ஒரு வியாபாரமா என்று கோதண்டராமனுக்கே உறுத்தியது.

விடிந்தும் விடியாமலும் கிளம்பினார்கள். அக்கினி வெயில் தொடங்குவதற்குள் பார்த்துவிட வேண்டும். ராஜகிரிக் கோட்டை மேல் வெயில் இன்னும் படவில்லை. மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து வந்தவள் சீட்டுக் கம்பியைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். வழக்கம்தான். திண்டிவனம் ரோட்டை விட்டுக் கீழே இறங்கியதும் கேட்டாள்.

"இன்னாங்க. நம்ம கல்யாணம் பேசறப்போ எங்கப்பாவும் உங்க மாமனும் துண்டு போட்டுத்தானே பேசினாங்க. எத்தினி விரலுக்கு முடிச்சாங்க?"

"எதுக்கு இப்போ அதெல்லாம்?"

"சும்மாத்தான். என்னோட வெலை எனக்குத் தெரியாதுல்ல."

"அது ஆம்பளைங்க சமாச்சாரம்."

அமிர்தவல்லியின் அப்பாவும் மாட்டுத் தரகர்தான். பெண் பார்க்கப் போன அன்று, ஒரு விரலுக்கு ஒரு பவுன் என்று சீர் பேச்சு துண்டுக்குள்தான் நடந்தது. ஆறு விரலில் மாமன் முடிக்கப் பார்த்தபோது, ஏழு கேள் என்று தான் அவர் தொடையைக் கிள்ளியது கோதண்டராமனுக்கு ஞாபகம் இருந்தது. மாமனார் துண்டு கோடு போட்ட நீலம் என்பதும் ஞாபகம் இருந்தது. காபித் தட்டோடு வந்து நின்ற பெண் என்ன கலர் புடவை கட்டியிருந்தாள் என்பது மட்டும் ஞாபகம் வரவில்லை. அதற்கெல்லாம் யார் விலை வைக்கிறார்கள்?

கரையில் வீரமணி காத்திருந்தான். கூலிங் கிளாஸ், தோளில் ஒரு கேமராப் பை. பைக்குள் கேமரா இல்லை, அவன் பெண்டாட்டி கட்டிக்கொடுத்த புளிசோறு இருந்தது. எதைக் கேட்டாலும் கொக்கு என்று சொல், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கோதண்டராமன் முதல் நாளே பாடம் எடுத்திருந்தார்.

படகுக்கு என்ன வாடகை என்று அவர் ஆரம்பித்தார். அக்காவுக்கு ஏது வாடகை என்றான் துரைக்கண்ணு. பேரம் பேசாமல் கிடைத்த ஒன்றில் ஏறி உட்கார அவருக்கு உடம்பு கூசியது. ஆத்திரத்துக்கு, இருந்த நாலு லைஃப் ஜாக்கெட்டில் பெரிசாகப் பார்த்து வாதாடி வாங்கி மாட்டிக்கொண்டார். அதன் காலர் காது வரைக்கும் வந்தது. கழுத்தை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ திருப்ப முடியவில்லை. ஆனாலும் பெரிசு பெரிசுதான்.

துரைக்கண்ணு ஒரே ஒரு விதிதான் சொன்னான். உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடி முன்னால் பார்க்க வேண்டும்.

"பின்னால திரும்பிடாத மாமா. கவுந்துடும். உனக்கு நீச்சலும் தெரியாது, எனக்கு உன்ன இழுக்கவும் மனசு வராது."

அமிர்தவல்லியின் விதி வேறு. சத்தம் கூடாது. போனை அணைக்கச் சொன்னாள். அவருடைய சாவிக்கொத்தை வாங்கித் துணியில் சுற்றிக் கட்டினாள். தன் கை வளையல்களையும் கழற்றித் தான் கொண்டுவந்த சோற்றுப் பைக்குள் போட்டாள். குலுங்கினால் பறவை பறந்துவிடுமாம். கோதண்டராமனுக்கு உள்ளுக்குள் சிரிப்பு. பேசக் கூடாத இடத்தில் பேரம் பேசத்தானே துண்டு என்று ஒன்று இருக்கிறது.

முன் கூரில் அவர். அவருக்குப் பின்னால் வீரமணி. அதற்கும் பின்னால் அமிர்தவல்லி. கடைசியில் துடுப்போடு துரைக்கண்ணு. வாழைப்பழம் நகர்ந்தது.

கொஞ்ச தூரம் போவதற்குள் அவள் ஆராய்ச்சிக்காரரைச் சோதிக்க ஆரம்பித்தாள்.

"தம்பி, அதோ கழுத்த மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு பாம்பாட்டம் போவுதே, அது இன்னாது?"

"கொக்குங்க அக்கா."

"பாம்புத்தாரா தம்பி அது. செரி, அந்தக் கட்டை மேல கருப்பா, றெக்கைய விரிச்சுக் காயவெச்சுக்கிட்டு நிக்குதே?"

"அதுவும் கொக்குதான். கருப்புக் கொக்கு."

"நீர்க்காகம். இந்தா, உருண்டையா முங்கி முங்கி எழுந்திரிக்குதே?"

வீரமணி தன்னுடைய முதுகைப் பார்ப்பது கோதண்டராமனின் முதுகுக்கே தெரிந்தது.

"குட்டிக் கொக்குங்க."

"முக்குளிப்பான். நீங்க எந்தப் பறவைய ஆராய்ச்சி பண்றீங்க தம்பி?"

"அது... பொதுவா, மரத்து மேல உக்காந்திருக்கிறதெல்லாம்."

நல்லது என்றாள் அமிர்தவல்லி. அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. நோட்டில் பென்சில் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

கரையோரமாகவே படகு போயிற்று. கோரைக்கு நடுவில் செந்நாரை ஒன்று ஒற்றைக் காலில் நின்றது. ஆள்காட்டி ஒன்று ஊருக்கெல்லாம் கேட்கும்படி இவர்களைக் காட்டிக் கொடுத்தது. கோதண்டராமன் எதையும் பார்க்கவில்லை. தூரத்தில் தெரிந்த இருபத்திரண்டு மரத்தை எண்ணிச் சரிபார்த்தார். வெயிலுக்குப் போடுகிற பாவனையில் பச்சைக்கரைத் துண்டைத் தோளிலிருந்து முதுகுப் பக்கம் விரித்துத் தொங்கவிட்டார். வலது கையைப் பின்னால் நீட்டினார். வீரமணியின் கை உள்ளே வந்தது.

காய்ச்சுப்போன கை. ரம்பம் பிடித்த கை. கோதண்டராமன் அதை முழுசாகப் பிடித்து, அப்புறம் நாலு விரலைப் பிடித்தார். தொண்ணூறு. வீரமணி அவர் கையை முழுசாகப் பிடித்து, ஒரு விரலைத் தொட்டுவிட்டு நிறுத்தினான். அறுபது. அவர் மறுபடியும் ஒன்பது. அவன் மறுபடியும் ஆறு. அவன் கை வேர்த்தது. வேர்க்கிற கை மசியும். எட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்திவிடலாம் என்று அவர் தெம்பாக இருந்தபோது படகு மணலில் உரசி நின்றது.

மரத்தடி வந்துவிட்டது. எல்லாரும் இறங்கினார்கள். மீன் கவிச்சியும் எச்ச நாற்றமும் மூக்கைப் பொத்தவைத்தன. மேலே ஒரே இரைச்சல். கூட்டுக்குக் கூடு குஞ்சுகள், பஞ்சு ஒட்டின மாதிரி, வாயைத் திறந்துகொண்டு. கோதண்டராமன் ஒரு மரத்தைத் தட்டிப் பார்த்தார். பொக்கு என்று சத்தம் வந்தது. அடுத்ததும் அப்படியே. இது ஒரு சங்கடம். நாலைந்து மரத்தில் பொந்து விழுந்திருந்தது அவருக்குத் தெரிந்ததுதான். வியாபாரி காதில் விழாமல் இருக்க, தட்டுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அமிர்தவல்லி வீரமணியின் கண்ணில் பைனாகுலரைப் பிடித்துக் கொண்டிருந்தாள். எதையோ விரலால் காட்டி மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் வாயைத் திறந்துகொண்டு பார்த்தான். கொக்கைப் பற்றி ரெண்டு வார்த்தை கற்றுக்கொள்ளட்டும் என்று அவர் விட்டுவிட்டார்.

வெயில் ஏறிவிட்டது, முன் கூருக்காரர் முதலில் ஏற வேண்டும் என்று துரைக்கண்ணு அவசரப்படுத்தினான். அவர் ஏறி, காலரை மடக்கி, முன்னால் பார்த்து உட்கார்ந்தார். பின்னால் கொஞ்ச நேரம் குசுகுசுவென்று பேச்சு. அப்புறம் படகு ஆடியது, அமிழ்ந்தது, கிளம்பியது.

"ஏறியாச்சா?" என்றார்.

"ஏற வேண்டியவங்க ஏறியாச்சு மாமா. பேசாத, பறவை பறந்துடும்."

வரும்போது இருந்ததைவிடப் படகு லேசாகப் போயிற்று. தண்ணி இழுக்குது போல என்று நினைத்துக்கொண்டார். துண்டைச் சரிசெய்தார். கையைப் பின்னால் நீட்டினார். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. அப்புறம் ஒரு கை வந்தது. அதே காய்ச்சுப்போன கை. வேர்வை மட்டும் இல்லை.

அவர் எட்டு பிடித்தார். பெரிய மனசோடு ஒன்று குறைத்தாயிற்று. இனி அவன் ஏழுக்கு ஏற வேண்டும். அதுதான் முறை.

அந்தக் கை அவர் கையை முழுசாகப் பிடித்தது. அதோடு நிறுத்தியது. ஐந்து.

கோதண்டராமனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆறு சொன்னவன் ஐந்துக்கு இறங்குவதா? இது எந்த ஊர் வியாபாரம்? சந்தையாக இருந்தால் அவன் ஏழு தலைமுறையையும் கூப்பிட்டு வைத்துப் பேசியிருப்பார். இங்கே வாயைத் திறக்க முடியாது. திரும்பி முறைக்கவும் முடியாது. ஏழைப் பிடித்து ஓர் அழுத்து அழுத்தினார். கை கொஞ்சமும் பதறவில்லை. நிதானமாக நாலு விரலைப் பிடித்தது.

நாலு. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பொந்து. தட்டின சத்தத்தை அவன் கேட்டுவிட்டான். குசுகுசுவென்று பேசியது அதைப் பற்றித்தான். அவசரமாக ஆறு பிடித்தார். பழைய விலைக்கே வா என்று அர்த்தம். அந்தக் கை நாலிலேயே நின்றது. ஐந்து பிடித்தார். நாலு. அவருடைய ஆயுதமெல்லாம் வாயில்தான் இருந்தது. வசவு, சத்தியம், கெஞ்சல், எழுந்து போகிற மாதிரி ஒரு நடிப்பு. எதையும் வெளியே எடுக்க வழியில்லை. தோள்பட்டை கடுத்தது. மண்டை கொதித்தது. ஜாக்கெட்டுக்குள் ஆள் வெந்துகொண்டிருந்தார். இப்படி அசையாத கையை முப்பது வருஷத்தில் அவர் பிடித்ததில்லை. பால் கறக்கிற மாதிரி, அவசரமே இல்லாமல், பிடித்தது பிடித்தபடி இருந்தது.

கரை கிட்டத்தில் வந்துகொண்டிருந்தது. அந்தக் கை மெல்ல ஒரு விரலை விட்டது. மூன்று.

கோதண்டராமன் பதறிப்போய் அந்தக் கையின் நாலு விரலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். நாலு. நாலே நாலு. ஆண்டவனே, மூன்றுக்குப் போய்விடாதே. அந்தக் கை ஒரு நிமிஷம் யோசித்தது. பிறகு ஓர் அழுத்து. சம்மதம். அவர் துண்டை உருவி எடுத்தார். இதற்கு மேல் பறவை பறந்தால் பறக்கட்டும் என்று வாயைத் திறந்தார்.

"முடிஞ்சுது. மரம் உன்னுது. எங்க நைனா மேல சத்தியம், துண்டு உருவியாச்சு, பேச்சு மாற மாட்டேன். நீயும் மாறக் கூடாது. துரைக்கண்ணு, நீதான் சாட்சி."

"சாட்சி மாமா," என்றான் துரைக்கண்ணு. அவன் குரல் ஏனோ நடுங்கியது.

படகு கரையில் முட்டியது. கோதண்டராமன் இறங்கி, கரையில் நின்று, ஜாக்கெட்டோடு சேர்த்து உடம்பையே திருப்பினார்.

அவர் இடத்துக்கு நேர் பின்னால் அமிர்தவல்லி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் துரைக்கண்ணு. அவ்வளவுதான் படகு.

"வீரமணி எங்கடி?"

அமிர்தவல்லி சோற்றுப் பையிலிருந்து வளையல்களை எடுத்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே சொன்னாள். அந்தத் தம்பி கரையோரமாகவே முள்ளை விலக்கிக்கொண்டு நடந்து போய்விட்டது. ஒன்பது வருஷம் தவம் கிடந்து பொண்டாட்டி ஏழு மாசம். குஞ்சு வாயைத் திறக்கிறதை ஒரு தரம் பார்த்தது, பைனாகுலரைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. கூட்டோட இருக்கிற மரத்தில் கோடாலி வைக்க மாட்டேன், அங்காளம்மா சும்மா விடமாட்டாள் என்று சொல்லிவிட்டது. பாதிப் பேரத்தில் எழுந்து போவது மரியாதை இல்லை, அண்ணன் முகத்தில் எப்படி முழிப்பது என்று தவித்தது. நான்தான், நீங்க போங்க தம்பி, பேரத்த நான் பாத்துக்கறேன் என்று சொன்னேன். முள்ளு குத்தாமப் போயிருக்கணும், பாவம்.

"அந்த ஆளு மர யாவாரின்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"பறவையப் பாக்க வந்தவரு மரத்தோட அடியவே பாத்துக்கிட்டு வந்தாரு. அப்புறம் உங்க துண்டு. முன்னாலயும் பின்னாலயும் அந்த ஆட்டம் ஆடுது. நான் தரகர் பொண்ணுங்க. எங்கப்பா மடியில உக்காந்து விரல் எண்ணக் கத்துக்கிட்டவ."

கோதண்டராமனுக்குக் காலர் கழுத்தை நெரித்தது. பிய்த்து எறிந்துவிட்டுக் கத்தினார். பொம்பளை கை துண்டுக்குள் செல்லாது என்றார். எந்தச் சந்தையிலும் அந்த வழக்கம் இல்லை என்றார்.

"துண்டுக்குள்ள ஆம்பளை பொம்பளை ஏதுங்க. வெரலு மட்டுந்தானே பேசுது. நீங்கதான் சொல்வீங்க."

"துட்டு? நாப்பதாயிரம் எங்கேருந்து குடுப்ப?"

"பால் சொசைட்டியில என் பேர்ல இருக்குது. எவ்ளோ இருக்குதுன்னு நீங்க ஒரு நாளும் கேக்கல. நானும் சொல்லல."

அவர் துரைக்கண்ணுவைப் பார்த்தார். துரைக்கண்ணு படகை மணலுக்கு இழுத்துக்கொண்டே, வெள்ளிக்கிழமை தானும் சந்தைக்கு ஓர் ஆடு வாங்க வருவதாக இருப்பதாகச் சொன்னான். துண்டு கோதண்டம் மாமா துண்டை உருவின பிறகு பேச்சு மாறினார் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன், நான்தானே சாட்சி என்றான். போன தை மாசம் பஸ் ஏறி ஓடினவனின் முகம் கோதண்டராமனுக்கு முன்னால் வந்து நின்றது.

மரம் போயிற்று. ஆறு போட்ட விலை நாலுக்குப் போயிற்று. அதுவும் தன் சொந்த நிலத்தில், தன் சொந்தப் பெண்டாட்டிக்கு. இனி அந்த இருபத்திரண்டும் அவளுடையது. வெட்டவும் முடியாது, விற்கவும் முடியாது, போய் நின்றால் தலையில் வெள்ளையடித்துக்கொள்ள மட்டும் முடியும்.

"தோசை தின்னுக்கிட்டே சொன்னீங்க, தொடமாட்டேன்னு," என்றாள் அமிர்தவல்லி. குரலில் கோபமில்லை. வெயிலில் காய்ந்த குரல். "அது சத்தக் கணக்குல போயிடுச்சு. அதான் இந்த தபா துண்டுக்குள்ள வாங்கிக்கிட்டேன். என்னைய எத்தினி வெரலுக்கு முடிச்சீங்கன்னு கடைசி வரைக்கும் சொல்லல. போவட்டும். மரம் நாலுக்கு முடிஞ்சுது, அது எனக்குத் தெரியும்."

நோட்டைத் திறந்து ஏதோ எழுதிக்கொண்டாள். நோட்டை மூடி, பென்சிலோடு பைக்குள் போட்டாள்.

கோதண்டராமனிடம் இன்னும் ஒன்று மிச்சமிருந்தது. தோற்றவன் கடைசியில் சொல்கிற நியாயம். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்.

"வீரமணி கையின்னு நெனச்சுத்தான்டி முடிச்சேன். உன் கையின்னு தெரிஞ்சிருந்தா முடிச்சிருப்பனா? ஏமாத்தி வாங்கினது செல்லாது."

துரைக்கண்ணு துடுப்பைக் கழுவுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தான். அமிர்தவல்லி மொபெட்டருகே போய், பின் சீட்டில் ஏறி, வழக்கம்போலக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் எங்க ஏமாத்தினேன். கையத் தொட்டா ஆள் பேரச் சொல்றவரு நீங்க. இருபத்தாறு வருசத்துல ஒரு நாளாவது இந்தக் கையப் புடிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்."